ஒரே சாவியோடு வரும் புஷ் ஸ்டார்ட் கார்: வாங்கலாமா?

திருநகர் வாத்தியார் கேட்டது:

வணக்கம். மதுரை பைபாஸ் ரோட்டில் உள்ள ஒரு கார் கன்சல்டிங்கில் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 2019 மாடல், பெட்ரோல், சிங்கிள் ஓனர், டி.என். 59 பதிவு, மீட்டரில் 41,000 கி.மீ. புஷ் ஸ்டார்ட். ஆறு லட்சத்து இருபதாயிரம் சொல்கிறார்கள். இதே மாடலுக்கு வெளியில் ஏழு லட்சத்துக்குக் குறைந்து யாரும் பேசுவதில்லை. ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், குறை எதுவும் தெரியவில்லை.

உறுத்துவது ஒன்றுதான். சாவி ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்றால், "ஓனர் வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சு சார், வெளியில போட்டுக்கலாம், அது ஒரு மேட்டரே இல்ல" என்கிறார் கடைக்காரர். என் மைத்துனரோ, "இந்த மாதிரி வண்டியைச் சாவியே இல்லாம தூக்கிட்டுப் போறாங்க, வீடியோவே இருக்கு" என்று வேறு பயமுறுத்துகிறார். எங்கள் வீட்டில் ஷெட் கிடையாது, தெருவில்தான் நிறுத்த வேண்டும். இந்த இரண்டில் நான் எதற்குப் பயப்பட வேண்டும்? அட்வான்ஸ் பத்தாயிரம் கேட்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை.

சாவிப்பட்டறை:

சார், அந்தப் பத்தாயிரம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். நான் காளவாசல் பக்கம் கார் எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் பாதி நாள் சாவி வேலைதான்.

மைத்துனர் சொல்வது பொய்யில்லை. புஷ் ஸ்டார்ட் வண்டியின் கைப்பிடியைத் தொட்டதும் வண்டி தாழ்ந்த அலைவரிசையில், ஏறக்குறைய 125 கிலோஹெர்ட்ஸில், "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கூப்பிடும். அந்தக் கூப்பாடு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு வேறொரு அலைவரிசையில் பதில் சொல்லும். திருடர்கள் இரண்டு பேராக வருவார்கள். ஒருவன் வண்டியோரம், இன்னொருவன் நீங்கள் சாவி மாட்டியிருக்கும் வாசல் சுவரோரம். கையில் இருக்கும் பெட்டிகள் அந்தக் கூப்பாட்டை அங்கே கொண்டுபோய்ப் பதிலை இங்கே கொண்டுவரும். ரகசிய எண்ணை யாரும் உடைப்பதில்லை, தூரத்தை மட்டும் ஏமாற்றுகிறார்கள். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், சாவி விலகிப் போனாலும் எஞ்சின் நிற்காது. நடுரோட்டில் நின்றால் ஆபத்து என்று அப்படி வைத்திருக்கிறார்கள். சூரிச்சில் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-லேயே எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களை இப்படித் திறந்து, ஸ்டார்ட் செய்தும் காட்டிவிட்டார்கள். லண்டனில் 2022-இல் கார் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருடைய டொயோட்டா ரேவ்4-ஐயே தூக்கிவிட்டார்கள். அது இன்னொரு வகை, ஹெட்லைட் ஒயர் வழியாகக் காரின் உள்வலைக்குள் புகுவது. டெல்லிப் பக்கம் பேசப்படுவது பெரும்பாலும் மூன்றாவது வகை. கண்ணாடியை உடைத்து உள்ளே போய், ஸ்டியரிங்குக்குக் கீழே, பட்டறைகளில் வண்டியைச் சோதிக்க ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் டேப்லெட்டைச் சொருகிப் புதுச் சாவியை அங்கேயே எழுதிக்கொள்வது. எங்கள் தொழிலைத்தான் இருட்டில் செய்கிறார்கள்.

ஆனால் நம் ஊரில் என் பட்டறைக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களின் கதை வேறு மாதிரி. ஆரப்பாளையத்துக்காரர் ஒருவர் புரோக்கர் மூலம் சல்லிசாக ஒரு கார் எடுத்தார். பேர் மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு நாள் காலையில் வாசலில் வண்டி இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்றுகூடக் கீழே கிடக்கவில்லை. ஏதோ மிஷின் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள் என்றுதான் என்னிடம் கேட்க வந்தார். எதிர்க்கடை கேமராவில் பார்த்தால், ஒரு ஆள் நிதானமாக நடந்து வந்து, கதவைத் திறந்து, சீட்டைத் தன் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓட்டிப் போகிறார். யார் என்றால் வண்டியின் ஓனர்! மாத வாடகைக்கு என்று ஒருவனிடம் விட்டிருக்கிறார். அவன் வண்டியை அடமானம் வைத்துவிட்டான். அது கை மாறிக் கை மாறி இவரிடம் வந்திருக்கிறது. வண்டிக்குள் ஜி.பி.எஸ். இருந்திருக்கிறது, ஓனரின் பீரோவில் ரெண்டாவது சாவி இருந்திருக்கிறது. ஸ்டேஷனில், "ஆர்.சி. அவர் பேர்ல இருக்கு, உங்ககிட்ட வண்டி எப்படி வந்துச்சு?" என்று புகார் கொடுக்கப் போனவரையே கேட்டிருக்கிறார்கள்.

அதனால், தொலைந்தது என்று சொல்லப்படும் அந்த ரெண்டாவது சாவி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஒற்றைச் சாவி என்றாலே திருட்டு வண்டி என்றும் சொல்ல மாட்டேன். தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் இழுத்து வந்து ஏலம் விட்ட வண்டிகள் பெரும்பாலும் ஒரே சாவியோடுதான் வரும், கோபத்தில் இருக்கும் ஆள் மற்றதைத் தரமாட்டான். அது முறையாக வாங்கக்கூடிய வண்டியே. ஆனால் அப்படியென்றால் ஏலத்தில் எடுத்த காகிதம் இருக்க வேண்டும், "வீடு மாறும்போது தொலைந்தது" என்ற கதை இருக்கக்கூடாது.

கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். "ஷோரூம்லயே ரெண்டாவது சாவி போட்டுக்கலாம், செலவு பாதி என்னுது, ஓனரை ஒரு தடவை வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். புஷ் ஸ்டார்ட் சாவி மாடலைப் பொறுத்து எட்டாயிரம், பத்தாயிரம், அதற்கு மேலும் ஆகும். ஷோரூமில் ஆர்.சி.யும் ஓனரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். நேர்மையான வண்டி என்றால் ஓனர் வருவார். வரமாட்டார் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. போகிற கையோடு சேஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரியும் கேளுங்கள். 41,000 என்பது நிஜமா, 90,000-ஐ ஓட்டிவிட்டுக் குறைத்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. புதுச் சாவி எழுதுவதில் இரண்டு விதம் உண்டு. இருப்பதோடு ஒன்றைச் சேர்த்துவிடலாம். அப்படிச் செய்தால் தொலைந்த சாவியும் வண்டியின் நினைவில் அப்படியே இருக்கும், நாளைக்கும் ஸ்டார்ட் ஆகும். இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையில் இருக்கும் சாவிகளை மட்டும் திரும்பப் பதியலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அவசரமாக வேலை முடிக்கிறவர்கள் முதலாவதைச் செய்து அனுப்பிவிடுவார்கள். முடிந்ததும் ஸ்கேனரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள், பல மாடல்களில் காட்டும். அழித்த பிறகும் பழைய சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவி டிரைவர் கதவைத் திறக்கும், ஆனால் எஞ்சின் ஓடாது.

அதே ஸ்கேனரில் எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 17 இலக்க எண்ணையும் படிக்கச் சொல்லுங்கள். பாடியில் குத்தியிருக்கும் எண், ஆர்.சி.யில் இருக்கும் எண், இது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பாடி எண்ணைச் சுற்றி கிரைண்டர் பட்ட அடையாளமோ புதுப் பெயிண்டோ இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிடுங்கள்.

பாலிசி தாத்தா:

சாவிப்பட்டறைத் தம்பி சொன்னதோடு இன்ஷூரன்ஸ் பக்கம் கொஞ்சம். ஓய்வு பெறும் வரை எனக்கு கிளெய்ம் பிரிவில்தான் வேலை. வண்டி திருட்டுப் போனால் கம்பெனி கேட்கும் பொருள்களில் எஃப்.ஐ.ஆர்., கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று, ஆர்.சி. இவற்றோடு வண்டியின் இரண்டு சாவியும் உண்டு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றது எங்கே, எப்போது தொலைந்தது, அப்போதே எழுதிக் கொடுத்தீர்களா என்று விசாரணை நீளும். முந்தைய ஓனர் தொலைத்ததற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே அவரிடமே சாவி தொலைந்ததைப் பற்றிக் கையெழுத்தோடு ஒரு கடிதமும், புதுச் சாவிக்கு ஷோரூம் பில்லும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும், ஆனால் திருட்டும் விபத்துச் சேதமும் மாற்றினால்தான். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும், அதைக் காட்டி விலை பேசினால் ஏமாறாதீர்கள்.

அரசின் எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருந்தால் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்.ஓ.சி., ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கக் கையெழுத்தான படிவம் 35 இரண்டும் கைக்கு வராமல் முழுப் பணம் தரக்கூடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பதிவு எண், சேஸ் எண், எஞ்சின் எண் கொடுத்தால் அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அடமான வண்டி அதில் வராது. யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்களே.

மேலூர் மாப்பிள்ளை:

நானும் தெருவில்தான் நிறுத்துகிறேன் சார். வண்டியின் கூப்பாடு சாவிக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று, சாவியை மூடி இறுக்கமான ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கதவைத் தொட்டுப் பார்த்தேன், திறந்துவிட்டது! அப்புறம் பழைய பிஸ்கட் தகர டப்பாவில் வைத்தேன், திறக்கவில்லை. டப்பா எதுவானாலும் இப்படி ஒருமுறை சோதித்துவிட்டு நம்புங்கள். அதோடு ஸ்டியரிங் பூட்டு ஒன்று. வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

அப்புறம், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். மேலே கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். புஷ் ஸ்டார்ட் வண்டிக்குத் தண்ணீர் போனால் பிறகு ஒயரிங் செலவு ஓயாது.

திருநகர் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை போய் ஷோரூம் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் முகம் மாறியது. ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறாராம். நேற்று வரை வீடு மாறிய ஓனர்! "அப்படின்னா பேர் மாத்துற படிவம் 29, 30-ல யார் கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கோம் சார்" என்றார். படிவத்தில் தேதி போடாமல், வாங்குபவர் பெயர் இடம் வெறுமையாக, கையெழுத்து மட்டும் இருந்தது. ஆறு லட்சத்துக்கு இறங்கி வருவதாகவும் சொன்னார். எம்-பரிவாகனில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிப் பெயர் இன்னும் நிற்கிறது. ஓனரோடு வீடியோ காலில் பேசினால் போதுமா?

சாவிப்பட்டறை:

போதாது சார். வீடியோவில் யார் வேண்டுமானாலும் வந்து தலையாட்டலாம். ஃபைனான்ஸ் கம்பெனியின் மதுரைக் கிளைக்கே நம்பரை எடுத்துக்கொண்டு போங்கள். ஓனர் சம்மதம் இல்லாமல் கணக்கு விவரம் தரமாட்டார்கள். ஆனால் நீங்கள் வந்து கேட்டீர்கள் என்பதே கடைக்காரர் காதுக்குப் போனால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாக்கி கட்டி முடித்த வண்டி என்றால் அடுத்த நாளே என்.ஓ.சி.யோடு கூப்பிடுவார்.

அதற்குள் வேறு வண்டி பார்ப்பதாக இருந்தால், ஒத்தக்கடையில் என் வாடிக்கையாளர் ஒருவர் இதே மாடலை விற்கப்போவதாகச் சொன்னார். 2018, புஷ் ஸ்டார்ட் கிடையாது, சாதாரணச் சாவி, இரண்டும் இருக்கிறது. விலை ஆறரை சொல்கிறார், பேசலாம். எதை எடுத்தாலும் பணம் கொடுக்கும் முன் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிடலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது.