சிக்கன் 65-ஐ உரித்து, வெந்நீரில் அலசி நாய்க்குப் போடலாமா?

வெள்ளச்சி_வீடு:
எங்கள் நாய் வெள்ளச்சி: ஸ்பிட்ஸ், பொட்டை, 4 வயசு, எடை 7 கிலோ. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயந்தரம் கடையிலிருந்து சிக்கன் 65, வெங்காய பகோடா, சமோசா என்று ஏதாவது பார்சல் வரும். பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டாலே காலடியில் வந்து உட்கார்ந்துவிடும். அம்மா சிக்கன் துண்டின் மேல் இருக்கும் சிவப்பு மாவை உரித்து, வெந்நீரில் ஒரு அலசு அலசிப் போடுகிறார்கள். காரம் போய்விட்டால் சரிதானே என்பது அவர்கள் வாதம். இது போதுமா? பகோடா, சமோசாவில் ஒரு விள்ளல் கொடுத்தால் என்ன ஆகும்?

கால்நடை_கீர்த்தி:
காரம் இதில் சின்ன விஷயம்தான். மிளகாய் நாயின் வாயையும் குடலையும் எரிக்கும், வாந்தி பேதி வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். நான் பயப்படுவது வெங்காயத்துக்கும் பூண்டுக்கும்.

இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்தச் சேர்மங்கள் அழிவதில்லை. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் ஆபத்து என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் வெள்ளச்சிக்கு அது 35 கிராம், அதாவது ஒரு நல்ல பெரிய சைஸ் வெங்காயத்தில் கால் பங்குதான். பகோடாவுக்குக் கால் கிலோ வெங்காயத்துக்கு 100, 125 கிராம் கடலை மாவு போடுவார்கள். அந்தக் கணக்கில் 100 கிராம் பொட்டலத்திலேயே 35 கிராமைத் தாண்டிவிடும். நம்ம ஊர் டீக்கடை சமோசா பலதில் உருளைக்கிழங்கே கிடையாது, உள்ளே முழுக்க வெங்காயம். இந்த இரண்டையும் ஒரு விள்ளல்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு விள்ளலில் விஷம் ஏறாது, உண்மை. ஆனால் வாரம் மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சிவப்பணுக்களுக்குச் சேதம் சேர்ந்துகொண்டே வரும்.

இதில் மோசம் என்னவென்றால், அன்றைக்கு நாய் நன்றாகவே இருக்கும். அறிகுறி பெரும்பாலும் மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் தெரியும்: சோர்வு, ஈறு வெளுப்பது, மூச்சு வாங்குவது, சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போவது. அதற்குள் என்ன தின்றது என்பதையே வீட்டில் மறந்திருப்பார்கள்.

இனி சிக்கன் 65. அரைக் கிலோ கறிக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுதுதான் போடுகிறார்கள், ஒரு துண்டில் பூண்டின் அளவு மிகக் குறைவு. தட்டில் மேலே தூவும் பச்சை வெங்காயத்தை விலக்கிவிட்டால் ஒரு துண்டால் விஷம் ஏறாது. அலசினால் மேல் உப்பும் மிளகாய்த் தூளும் கொஞ்சம் போகும். ஊறவைத்த மசாலா கறிக்குள் இறங்கியிருக்கும், அது போகாது. எண்ணெயும் முழுக்கப் போகாது.

ராஜபாளையம்_ரசிகர்:
கீர்த்தி மேடம் சொன்னதோட எண்ணெயைச் சேர்த்துக்கணும். என்னைக் கேட்டா பொரிச்ச ஐட்டத்துல தினசரி ஆபத்து அதுதான்.

7 கிலோ வீட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு 450 கலோரி சுத்திதான் தேவை. அதுல நொறுக்குத்தீனிக்கு 10 சதவீதம், 45 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி! நமக்கு அது ஒரு வாய், அதுக்குக் கால் நாள் சாப்பாடு. வெந்நீர்ல துண்டைப் போட்டதும் மேல மஞ்சளா வட்டம் வட்டமா மிதக்கும் பாருங்க, அது வெளியே வந்த எண்ணெய் மட்டும்தான். கறி நாருக்கு நடுவுல இன்னும் இருக்கும், பிதுக்கிப் பாத்தா விரல்ல ஒட்டும்.

இவ்வளவு கொழுப்பு ஒரே நேரத்துல உள்ள போனா சில நாய்க்குக் கணையம் வீங்கிடும். குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பிச்சு அந்த உறுப்பையே அரிக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாது, முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில வெச்சு, பின்பக்கத்தைத் தூக்கி நிக்கும். கும்பிடுற மாதிரி இருக்கும். விளையாடுதுன்னு நினைச்சு வீடியோ எடுக்காதீங்க, அது வயித்து வலி. குண்டா இருக்கிற ஸ்பிட்ஸ், டேஷண்ட், ஷ்னௌசர்னா இன்னும் உஷாரா இருக்கணும்.

அம்மாவுக்கு மனசு கேக்கலைன்னா ஒண்ணு செய்யுங்க. எலும்பு, தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறி கால் கிலோ, உப்பு மஞ்சள் எதுவும் போடாம வெறும் தண்ணில 15 நிமிஷம் வேக வெச்சு, நகத்தளவு பிச்சு டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூணு நாள் தாங்கும். பொட்டலம் பிரிக்கிறப்ப அதுல அஞ்சாறு துண்டு போடுங்க. அதுக்கு வேண்டியது நம்ம கையால ஒரு பங்கு, 65 இல்ல.

மெரினா_மணி:
தெருநாய் எல்லாம் பிரியாணி எலும்பு, பஜ்ஜி, பரோட்டா எல்லாம் தின்னுட்டு நல்லாத்தானே சுத்துது? வீட்டு நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு கணக்கு?

கால்நடை_கீர்த்தி:
மணி, நம் கண்ணில் படுவது பிழைத்துச் சுற்றும் நாய்கள்தான். நாலாம் நாள் ஈறு வெளுத்து ஒரு காருக்கு அடியில் படுத்த நாயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொன்று, தெருநாய் பெரும்பாலும் 15 கிலோ சுற்றி இருக்கும், நாள் முழுக்க ஓடும். ஏழு கிலோ ஸ்பிட்ஸுக்கு அதே அளவு இரண்டு மடங்கு.

மணல்மேடு_மாலா:
எலும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பல கடைகளில் 65-க்குக் கறியை எலும்போடு கத்தியால் சின்னச் சின்னதாக வெட்டியிருப்பார்கள். வெட்டின முனை ஏற்கனவே கூர். கொதிக்கும் எண்ணெயில் பொரிந்ததும் ஈரம் போய், கடித்தால் ஊசி ஊசியாக உடையும். தொண்டையில் குத்தும், குடலைத் துளைக்கும், இல்லாவிட்டால் பொடியாகி மலக்குடலில் சிமெண்ட் மாதிரி இறுகிக்கொள்ளும். சிக்கன் லாலிபாப் இன்னும் மோசம், கைப்பிடி எலும்பில் அலுமினியத் தாள் சுற்றியிருக்கும், நாய் அதையும் சேர்த்தே விழுங்கும். மீன் வறுவல் என்றால் முள்.

பொட்டலத்தையும் பாருங்கள். எண்ணெய் ஊறின செய்தித்தாள், வாழையிலைத் துண்டு, ஸ்டேப்ளர் பின், சால்னா பையின் ரப்பர் பேண்ட், கட்டின நூல். இதில் நூல்தான் பயங்கரம். ஒரு முனை நாக்குக்கு அடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போகும். குடல் முன்னே தள்ளத் தள்ள, பாவாடை நாடாவில் துணி சுருங்குகிற மாதிரி குடலே நூலில் சுருங்கிக்கொள்ளும், நூல் குடலை அறுத்துவிடும். பின்பக்கம் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. ஆசுபத்திரிக்குத்தான் போகணும்.

வெள்ளச்சி_வீடு:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், நாளைக்கே நெஞ்சுக்கறி வாங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு கேள்வி மட்டும்: மேசையில் வைத்த பொட்டலத்தை அதுவே இழுத்துத் தின்றுவிட்டால் முதலில் என்ன செய்யணும்? உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா.

கால்நடை_கீர்த்தி:
உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கிலோவுக்கு 2 கிராம் உப்பு போனாலே நாய்க்கு நச்சு அறிகுறி வரலாம். வெள்ளச்சிக்கு 14 கிராம், இரண்டரை டீஸ்பூன் சுற்றி. வாந்தி வரவில்லையே என்று இரண்டாவது டம்ளர் ஊற்றினால் அந்த அளவு வந்துவிடும். பகோடா செய்யாத கேட்டை உப்பு செய்யும்.

முதலில் மீதியை எடுத்து மூடுங்கள். எத்தனை துண்டு போயிருக்கும், வெங்காயம் எவ்வளவு, எலும்பா போன்லெஸ்ஸா, நூல் இருந்ததா, மணி என்ன, இதை எழுதிக்கொண்டு உடனே மருத்துவருக்குப் போன் போடுங்கள். வெங்காயம் நிறையப் போயிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் அவர் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்க முடியும். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. எலும்பு போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, கீழே இறங்கும்போது குத்தாதது மேலே ஏறும்போது குத்தும்.

அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்து நாள் காலையும் மாலையும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்கணும். சந்தேகம் என்றால் மூன்றாம் நாள் பி.சி.வி. ரத்தப் பரிசோதனை (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது) கேளுங்கள், நாய்க்கு 37 முதல் 55 சதவீதம் இருக்கணும். வலிக்கிறதே என்று நம் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ராஜபாளையம்_ரசிகர்:
பொட்டலத்தைப் பிரிக்கிறப்ப மேசையில விரிக்காம எவர்சில்வர் தூக்குல கொட்டி மூடிடுங்க. எண்ணெய்த்தாளையும் நூலையும் மூடி போட்ட குப்பைத்தொட்டியில போடுங்க, திறந்த கூடையில வேண்டாம். பாதி கேஸ் மேசையில நடக்கறது இல்ல, ராத்திரி குப்பைக்கூடையிலதான் நடக்குது.