புதுப்பிப்பு: ஓய்வு நாளை பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனிலேயே கழித்தோம்

இங்கிலாந்தின் கென்னட்-ஏவன் கால்வாயில் படகில் போய்க்கொண்டிருக்கிறோம். கேன் ஹில்லின் 29 லாக்குகளையும் (படகைப் படிப்படியாக இறக்கும் நீர்க்கதவு அறைகள்) இறங்கிய பிறகு எங்கே படகை நிறுத்தி ஓய்வெடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் பிராட்ஃபர்ட் என்று பலரும் சொன்னீர்கள். சரியான யோசனை.

ஓய்வு நாள் என்று பெயர்தான். காலையில் கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். குழாயில் தண்ணீர் நூலாக வந்ததில் ஒரு டீயும் குடித்து முடித்தாயிற்று.

அப்புறம் அழுக்குத் துணி மூட்டையோடு பாத் நகருக்கு ரயில். கால் மணி நேரம்தான். படகில் போனால் ஒரு பகல் போய்விடும். லாண்டரி, மருந்துக் கடை, காய்கறி எல்லாம் அங்கேயே முடிந்தது. பேருந்தும் உண்டு, ஒருவழிக் கட்டணம் அதிகபட்சம் 3 பவுண்டு. ஆனால் மூட்டையோடு ரயில்தான் வசதி.

திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னதாக ஏவன்கிளிஃபில் இறங்கினோம். அங்கே கேட்டால்தான் ரயில் நிற்கும்; கார்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏறுகிறவர்கள் ஓட்டுநருக்குத் தெரியும்படி கை காட்ட வேண்டும், நம்மூர் மினிபஸ் மாதிரி. நடைமேடை அவ்வளவு குட்டி. பக்கத்திலேயே பொறியாளர் ஜான் ரென்னி கட்டிய தொட்டிப்பாலம்: மேலே கால்வாயும் படகுகளும், கீழே ஆறும் தண்டவாளமும். நடு வளைவு கொஞ்சம் தொய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அங்கிருந்து கரையோரமாகவே படகுக்கு நடந்து வந்தோம்.

எரிவாயு உருளை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அடுத்தது இதே கால்வாயில் டண்டாஸ் தொட்டிப்பாலத்தின் பக்கம். அங்கே கிடைக்குமா?