ஐந்தோவனில் நடந்து சுற்றிக்காட்ட நல்ல வழிகாட்டி யாராவது?

வணக்கம் மக்களே. அக்டோபர் கடைசியில் அப்பா, அம்மாவுடன் நெதர்லாந்தின் ஐந்தோவனுக்குப் போகிறேன். அப்பா தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1891-ல் பிலிப்ஸ் பல்பு நிறுவனம் ஆரம்பித்த ஊர் என்றதும் இப்போதே ஷூ வாங்கிவிட்டார்!

முக்கியமாகப் பார்க்க நினைப்பது ஸ்ட்ரைப்-எஸ் என்ற பழைய பிலிப்ஸ் ஆலைப் பகுதி. முன்பு பிலிப்ஸ் ஊழியர்களைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். இப்போது அதே ஆலைக் கட்டடங்களில் டிசைனர்களின் பட்டறைகள், கடைகள், வீடுகள். உச்சியில் பெரிய கடிகாரம் வைத்த க்ளோக்கெபௌவ் கட்டடம், பால்கனி தோறும் மரம் வளரும் 19 மாடி ட்ரூடோ கோபுரம் இரண்டும் அங்கேதான். அந்தக் கோபுரத்தில் இருப்பவை குறைந்த வாடகை வீடுகள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

என் கேள்விகள்: ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசும் வழிகாட்டி யாரையாவது தெரியுமா? கட்டடக்கலை பற்றி மட்டும் பேசாமல், அங்கே வேலை எப்படி நடந்தது என்றும் சொல்பவராக இருந்தால் அப்பாவுக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நடுவில் உட்கார இடம் கிடைக்குமா? ஊருக்குள் இருக்கும் வெள்ளைச் சீமாட்டி என்ற பழைய பிலிப்ஸ் ஆலைக் கட்டடத்தையும் பிலிப்ஸ் அருங்காட்சியகத்தையும் அதே நாளில் சேர்த்தால் ரொம்ப அலைச்சலாகிவிடுமா?

அப்புறம், டச்சு டிசைன் வாரமும் அப்போதுதான் வருகிறது. கூட்டத்தில் பெரியவர்களோடு சமாளிக்கலாமா, இல்லை அது முடிந்த பிறகு போவது நல்லதா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள், டிக்கெட் இன்னும் போடவில்லை.