ரிலேக்கு ‘ஏவல் ஆளி’: பழைய கெப்போடு வேலை செய்தபின் எழுதும் பதில்

வாகனக் கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ரிலேக்கு, அதாவது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இணைத்துவிடும் சிறு பெட்டிக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் ‘ஏவல் ஆளி’ என்று சொல்லை மட்டும் போட்டுவிட்டு, வந்த பதில்களை மூன்று வாரமாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் அதே ரிலேதான், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் கெப்பில் இரண்டு பூட்டிக்கொண்டிருந்தேன். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: பிக்கப் வண்டியை இங்கே எல்லோரும் கெப் என்றுதான் சொல்வோம், நாலு கதவு இருந்தால் டபிள் கெப்.) எனது 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ், 2.8 லீற்றர் டீசல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் படிப்படியாகத் திரும்ப விட்டார்கள், அந்த ஐந்து வருடத்தில் இந்த ஊரில் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் பாதி மெக்கானிக் ஆகிவிட்டோம். பின் ஸ்பிரிங் பட்டைகளின் புஷ், கிளச்சின் கீழ்ச் சிலிண்டர் ரப்பர், முன் சில்லு பெயரிங் எல்லாம் வீட்டிலேயே மாற்றியாயிற்று. மிச்சமிருந்தது ஹெட்லைற். இரவில் புத்தளம் வீதியில் போகும்போது எதிரே வருகிற சைக்கிள்காரர் கிட்டத்தில் வந்தபின்தான் தெரிகிறார், அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மீற்றரை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றறியில் 13.6 வோல்ற்று, விளக்கின் முனையில் 11.8. இடையில் 1.8 வோல்ற்று வழியிலேயே தொலைகிறது. முன்பு வைத்திருந்த யாரோ ரிலேயை நீக்கிவிட்டு, ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சு வழியாகவே விளக்குக்கு நேரே வயர் இழுத்திருந்தார்கள். சோடி விளக்குக்கும் சேர்த்து 110 வாற்று, அதாவது ஏறத்தாழ 9 அம்பியர், முப்பது வருடத்து மெல்லிய வயரிலும் தேய்ந்த சுவிட்சிலும் ஓடுகிறது. போதாததற்குக் கடற்காற்று, எர்த் பூட்டிய இடமெல்லாம் பச்சைக் களிம்பு. கம்பியிழை விளக்கின் ஒளி வோல்ற்றளவோடு நேராகக் குறைவதில்லை, அதன் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கோடு குறையும். கணக்குப் போட்டால் பற்றறியின் வோல்ற்று முழுதாக வந்தால் கிடைக்கக்கூடிய ஒளியில் பத்துக்கு நாலு பங்கு எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது ரிலே பூட்டி, தடித்த வயர் போட்டு, எர்த்தைச் சுரண்டித் துப்புரவாக்கியபின் முனையில் 13.2. விளக்கு அதே விளக்குத்தான். (பழைய கண்ணாடிக்குள் எல்.ஈ.டி. விளக்கைச் செருகலாமே என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம். ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

“ரிலே என்றே எழுதிவிட்டுப் போகலாமே, யாருக்கு விளங்கவில்லை” என்ற கருத்து இழையில் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தது. நானும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் “ரிலே தெகக்” (இரண்டு ரிலே) என்று சிங்களத்தில் கேட்டுத்தான் இரண்டை வாங்கினேன், நாளைக்கும் அப்படித்தான் கேட்பேன். கடையில் சொல்லை மாற்றுவது என் நோக்கம் இல்லை. ஆனால் “யாருக்கு விளங்கவில்லை” என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. வவுனியாவில் என் மச்சான் ஒருவர் இதே மாதிரிக் கெப் வைத்திருக்கிறார். என் வண்டி வெளிச்சமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு அவரும் ரிலே வாங்கிப் பூட்டினார். டக் என்று சத்தம் கேட்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் வெளிச்சம் துளியும் கூடவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய ஹெட்லைற் வயரையே நடுவில் வெட்டி, ஒரு நுனியை ரிலேக்குள் கரண்ட் வரும் 30ஆம் முனையிலும் மற்ற நுனியை விளக்குக்குப் போகும் 87ஆம் முனையிலும் கொடுத்திருக்கிறார். பழைய வயரில் வந்த களைத்த கரண்ட் ரிலேக்குள் போய் அப்படியே வெளியே வருகிறது. கேட்டால், “ரிலே என்றால் வாங்கிக் கொடுக்கிறதுதானே, அஞ்சலோட்டத்தில் தடியைக் கொடுக்கிற மாதிரி, கொடுக்கும்போது கொஞ்சம் பலம் சேர்க்கும் என்று நினைத்தேன்” என்றார்.

மச்சான் மொக்கு ஆள் இல்லை, அவர் திருத்திய தண்ணீர்ப் பம்புகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. அந்தப் பெயர்தான் அவரைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோனது.

அதனால்தான் ‘அஞ்சலி’, ‘அஞ்சற்கருவி’ என்ற இரண்டு முன்மொழிவையும் நான் ஏற்கவில்லை. இலங்கையில் அஞ்சலோட்டம் என்ற சொல் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும், திருவிதாங்கூரில் மணி கட்டிய கோலோடு தபால் கொண்டு ஓடியவரும் அஞ்சலோட்டக்காரர்தான், சொல்லுக்கு நல்ல வேர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆங்கிலப் பெயரும் ஆதியில் சரியாகவே இருந்தது. 1830களில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி காட்டிய அந்தக் கருவி தந்தியில் நுழைந்தபோது, தூரத்திலிருந்து வந்து களைத்துப்போன செய்தியை வாங்கி அடுத்த கம்பியில் புதுப் பலத்தோடு அனுப்பியது. அங்கே உண்மையில் ஒன்று கைமாறிப் போனது. வண்டியில் கைமாறுவது எது? ஒன்றும் இல்லை. சுவிட்சிலிருந்து வருகிற சிறு மின்னோட்டம், சுமார் 0.15 அம்பியர், சுருளில் ஓடி அதைக் காந்தமாக்கிவிட்டு அதோடு முடிந்துபோகிறது. விளக்குக்குப் போகும் 9 அம்பியர் வேறு வழியில், பற்றறியிலிருந்து பியூஸ் தாண்டி நேரே வருகிறது. கட்டளை ஒரு வழி, பலம் ஒரு வழி, இரண்டும் எங்கேயும் கலப்பதில்லை. இந்த ஒன்றைச் சொல்லாத சொல் எதுவாக இருந்தாலும் நாளைக்கு இன்னொருவர் மச்சான் செய்தது போலவே வயர் கொடுப்பார்.

மற்ற முன்மொழிவுகளையும் இதே உரைகல்லில்தான் உரைத்தேன்.

கோவை ஐயா எழுதிய ‘உணர்த்தி’. கேட்க நன்றாக இருக்கிறது, ஏற்கெனவே புழங்குகிறது என்றும் சொன்னார். ஆனால் இன்றைய எஞ்சினில் வெப்ப உணரி (சென்சர்), அமுக்க உணரி, ஒட்சிசன் உணரி என்று திரும்பிய பக்கமெல்லாம் உணரி. போனில் “உணர்த்தியைக் கழற்று” என்றால் மறுமுனையில் இருப்பவர் உணரியைக் கழற்றுவார். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்பவருக்கு இந்தச் சிறு வித்தியாசம் காதில் நிற்காது. போன மாதம் ‘தாங்கி’யில் இதைப் பார்த்தோம்தானே. தமிழ்நாட்டில் தாங்கி என்றால் பெயரிங், எங்களுக்குத் தாங்கி என்றால் தண்ணீரும் எண்ணெயும் நிற்கும் இடம், பெயரிங்குக்கு எங்கள் பாடப்புத்தகச் சொல் போதிகை. ‘தாங்கியில் கிறீஸ் வை’ என்ற ஒரு வரியால் எத்தனை மடல் ஓடியது.

கிளிநொச்சி அக்காவின் ‘மின்மதகு’ எனக்கு மிகவும் பிடித்த சொல், இரண்டு நாள் அதிலேயே நின்றேன். துருசை, அதாவது மதகின் கதவை, கொஞ்சம் திருகினால் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது, சிறு கை பெரிய ஓட்டத்தைத் திறக்கிறது, தண்ணீரின் பலம் கையிலிருந்து வரவில்லை, குளத்திலிருந்து வருகிறது. கருத்து அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் அக்கா, அந்தச் சொல்லை இதைவிட நல்ல இடத்துக்கு வைத்திருப்போம் என்று கேட்கிறேன். டீசல் பம்பின் தலையில் எரிபொருளை நிறுத்தும் சொலினொயிட் வால்வு ஒன்று இருக்கிறதே, சாவியைத் திருப்பினால் திறந்து டீசலை விடும், மூடினால் எஞ்சின் நிற்கும். அதில் உண்மையாகவே திரவம் ஓடுகிறது, மின்னால் திறக்கிறது. மின்மதகு அதற்குத்தான் உரியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

என் முன்மொழிவு ‘ஏவல் ஆளி’. ஆளி என்பது இலங்கைப் பாடப்புத்தகத்தில் சுவிட்சுக்கு உரிய சொல், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கையால் தட்டினால் வெறும் ஆளி. இன்னொரு மின்னோட்டம் ஏவ, அதன் சொல் கேட்டு இணைகிற ஆளி, ஏவல் ஆளி. அவ்வளவுதான், இதில் விளக்கமே பெயராக இருக்கிறது. ஏவுவது ஒன்று, ஆளி இணைத்துவிடுவது வேறொன்று என்பதைச் சொல்லைப் பிரித்தாலே காணலாம்.

இதற்கு வந்த எதிர்ப்புகள் மூன்று. ஆளி என்றால் தமிழ்நாட்டில் ஆளி விதை, கோயில் தூணில் நிற்கும் விலங்கு என்றார்கள். உண்மைதான். ஆனால் முதலாளி, தொழிலாளி, பங்காளி எல்லாவற்றிலும் அந்தச் சொல் அங்கேயும் உயிரோடு இருக்கிறது, ஆள்வது, கையாள்வது என்ற பொருளில். ‘ஏவல்’ முன்னால் நிற்கும்போது விதையை நினைப்பவர் இருக்கமாட்டார்.

இரண்டாவது, ஏவல் என்றால் செய்வினை, சூனியம். ஊரில் பேச்சு வழக்கு அப்படியும் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் ஏவுகணை என்று செய்தி வாசிக்கிறோம், யாரும் அதைக் கழிக்கத் தேசிக்காய் (எலுமிச்சை) தேடவில்லை.

மூன்றாவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மட்டக்களப்பிலிருந்து எழுதியவர், சேர்த்து எழுதினால் ‘ஏவலாளி’ ஆகிவிடும், அது ஏவலாள், வேலைக்காரர், ஒருவரை ஒருவர் ஏவி நடத்திய காலத்தின் வாடை அடிக்கிறது என்றார். எங்கள் ஊர்களில் அந்த வாடை வெறும் நினைவு மட்டும் இல்லை என்பதால் இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பதில் இரண்டு. ஒன்று, பிரித்தே எழுதுவோம், ‘ஏவல் ஆளி’, அகராதிப் பதிவிலும் அப்படியே போடுவோம். மற்றது, ஏவல் என்பது நமக்கு முதலில் இலக்கண வகுப்பில் வந்த சொல். ஏவல் வினை. ‘வா’, ‘எடு’, ‘இணை’. அம்மா பிள்ளையிடமும் பிள்ளை அம்மாவிடமும் பேசுவது ஏவல் வினையில்தான். ஆளை அல்ல, சொல்லின் வடிவத்தையே அது குறிக்கிறது. சுருளுக்குப் போகும் அந்த 0.15 அம்பியர் சொல்வதும் ‘இணை’ என்ற ஒரே சொல்.

இந்தச் சொல்லை எடுத்தால் கூடவே வேறு சில சொற்களும் தானாகக் கிடைக்கின்றன, அதுதான் எனக்கு இதில் உறுதி தந்தது. சுருள் இருக்கும் பக்கம், 85உம் 86உம், ஏவு சுற்று. விளக்கு இருக்கும் பக்கம், 30உம் 87உம், சுமைச் சுற்று. அப்புறம் நெடுங்காலம் உறுத்திய ஒன்று: முனைகளுக்குச் சொல்லும் ‘திறந்த’, ‘மூடிய’ என்ற சொற்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சுற்றைத் திறந்தால் மின்னோட்டம் நிற்கும். புதிதாகப் படிக்கிற எந்தப் பிள்ளையும் இங்கே ஒருமுறை இடறும். அந்தச் சொற்களைத் தொடாமலே 87ஐ ‘ஏவினால் இணையும் முனை’ என்றும், 87ஏ என்று குறித்திருக்கும் முனையை ‘ஏவினால் பிரியும் முனை’ என்றும் சொல்லிவிடலாம். நீளம்தான், ஆனால் இருட்டிலும் பிழைக்காது.

ஒரு செய்முறைக் குறிப்பு, என் கெப்பின் காலத்து டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு. அவற்றில் பலவற்றில் ஹெட்லைற் சுவிட்சு நேர் (+) பக்கத்தை இணைப்பதில்லை, எர்த் பக்கத்தைத்தான் இணைக்கிறது. அதாவது ஏவல் எர்த் வழியாக வருகிறது. சுவிட்சு வயரை 86இல் கொடுத்து, 85ஐக் கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் பொடியில் (உடலில்) எர்த் செய்துவிட்டால் ஏவல் ஆளி அசையவே அசையாது. முதலில் மீற்றரால் எது நேர், எது சுவிட்சுக்குப் போகும் வயர் என்று பார்த்து, நேர் வயரை 86இலும் சுவிட்சு வயரை 85இலும் கொடுங்கள். சுமைச் சுற்றுக்குப் பற்றறியிலிருந்து தனி வயர், பற்றறிக்குக் கிட்டவே பியூஸ்.

மச்சானுக்குப் போன ஞாயிறு போனில் திரும்பச் சொன்னேன், இந்த முறை ரிலே என்ற சொல்லையே எடுக்கவில்லை. “இது ஏவல் ஆளி. பழைய வயர் ஏவ மட்டும். விளக்குக்குக் கரண்ட் பற்றறியிலிருந்து” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப நான் ஏவுகிற வயரிலேயே விளக்கையும் கொழுவியிருக்கிறன்” என்று அவராகவே பிழையைச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் மாற்றிவிட்டு இருட்டில் மதிலில் விளக்கடித்துப் படம் அனுப்பினார்.

பதிவுக்கு என் வரைவு: ஏவல் ஆளி – ஒரு சுற்றில் ஓடும் சிறு மின்னோட்டத்தின் ஏவலால், அதனோடு கலக்காத வேறொரு சுற்றை இணைக்கும் அல்லது பிரிக்கும் ஆளி.

திருத்தம் இருந்தால் வரும் வெள்ளிக்குள் எழுதுங்கள், குறிப்பாகக் கோவை ஐயாவும் மட்டக்களப்பு நண்பரும். கிளச்சின் மேல், கீழ்ச் சிலிண்டர்களுக்கு ஆங்கிலத்தில் எஜமான், அடிமை என்றே பெயர், அதைத் தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை. ‘ஏவு உருளை’, ‘ஏற்பு உருளை’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு வேறு இழை தொடங்குகிறேன்.