ஆடி ஞாயிறு டர்ட் ரேஸ்: மலையடிவாரக் குழு

வியாழன்

கொடி அண்ணன், இரவு 7:42
எல்லாருக்கும் வணக்கம். நம்ம மண் தரை பைக் ரேஸுக்கு ஒட்டன்சத்திரம் அடிவாரத்துல இடம் உறுதியாச்சு. மக்காச்சோளம் அறுத்த செம்மண் காடு, அடுத்த விதைப்பு வரைக்கும் சும்மா கிடக்கும். டிராக் 600 மீட்டர் சுத்து, 8 மீட்டர் அகலம். ரைடருக்குக் குறைவில்லை. ஒரு தடவை வந்த குடும்பம் மறு தடவை வர என்ன செய்யணும்னு மட்டும் இங்க பேசுவோம்.

ஒர்க்‌ஷாப் தம்பி, இரவு 7:45
அண்ணா, ஸ்டண்ட் டீம் கூப்பிடலாம். போஸ்டர்ல போட்டாலே பசங்க குவிஞ்சிடுவாங்க.

கொடி அண்ணன், இரவு 7:51
குவிவாங்க தம்பி, ஆனா ஸ்டண்ட் பார்க்கத்தான் வருவாங்க. அது முடிஞ்சதும் பாதி மைதானம் காலி, அதுக்கப்புறம்தான் பைனல் ஓடும். இன்னொரு கெடுதல், அதைப் பார்த்துட்டு பாச்சலூர் கொண்டை ஊசியில வீலிங் பண்ணப் பார்ப்பாங்க. அந்தக் காசைத் தண்ணிக்கும் கழிப்பறைக்கும் போடுவோம்.

மைக் மாமா, இரவு 7:55
சரியான பேச்சு. ஆனா ஏன் ஆடியில? கொடைக்கானல்ல மே மாசம் சீசன்ல வெச்சா கூட்டம் தானா இருக்குமே.

டீச்சர் அக்கா, இரவு 8:03
மாமா, சீசன் கூட்டம் வெளியூர்க் கூட்டம். ஒரு நாள் பார்த்துட்டுப் போனா அடுத்த ரேஸுக்கு வரமாட்டாங்க. 2024 மே 7-லேர்ந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேற. மேல தட்டையான இடம்னு பார்த்தா காட்டை ஒட்டித்தான் கிடைக்கும், அங்க வண்டிச் சத்தம் வைக்கவே கூடாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், கீழ ஒட்டன்சத்திரம், பழனி, இந்த ஊர்க்காரங்க பஸ்ஸுல வந்து பஸ்ஸுல திரும்புற இடம்தான் நமக்கு வேணும்.
ஆடியில முகூர்த்தம் கிடையாது, ஞாயிறு எல்லார் வீட்டுலயும் காலியா இருக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்துல பழனி ரோடு முழுக்க பாதயாத்திரை, வண்டி நகராது. மார்ச்ல ப்ளஸ் டூ பரீட்சை. ஐப்பசி, கார்த்திகையில மழை. ஆடிப்பெருக்கு வர்ற வாரத்தை மட்டும் விட்டுடுங்க.

கொடி அண்ணன், இரவு 8:06
தேதி வைக்கிறதுக்கு முன்னாடி கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே அட்டவணையையும் பார்க்கணும். அங்க ரேஸ் இருந்தா கொடி காட்டுற மார்ஷல், டைமிங் ஆளுங்க, நல்ல ரைடர் எல்லாரும் அந்தப் பக்கம் போயிடுவாங்க.

டிராக்டர் சித்தப்பா, இரவு 8:14
தேதி நல்ல தேதிதான். காத்தை யோசிச்சீங்களா? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். மேற்கேருந்து அடிக்கிற காத்துல அந்தச் செம்மண் கிளம்புச்சுன்னா கிழக்கே உக்கார்ந்தவன் ரேஸைப் பார்க்க முடியாது. கைக்குழந்தையோட வந்தவங்க ரெண்டாவது ஹீட்டுக்கே, அதான் பைனலுக்கு ஆள் எடுக்கிற ஆரம்ப ரேஸுக்கே, கிளம்பிடுவாங்க. ஜனத்தை மேற்குப் பக்கம் உக்கார வைங்க. தூசி அவங்களை விட்டு விலகிப் போகும், மத்தியானத்துக்கு மேல வெயிலும் முதுகுப் பக்கம் போயிடும். கிழக்கே ஒருத்தரையும் விடாதீங்க.

டிராக்டர் சித்தப்பா, இரவு 8:16
ஷாமியானா வேண்டாம், காத்து தூக்கிடும். 50 சதவீத நிழல் வலை கட்டுங்க, காத்து ஊடால போயிடும். சவுக்குக் கம்பு ரெண்டடி ஆழத்துல ஊனணும்.

ஒர்க்‌ஷாப் தம்பி, இரவு 8:20
சித்தப்பா, தண்ணி எவ்வளவு வேணும்? டேங்கருக்கு நாளைக்கே சொல்லி வைக்கணும்.

டிராக்டர் சித்தப்பா, இரவு 8:37
கணக்கு இது. 600-ஐ 8-ஆல பெருக்குனா 4,800 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தண்ணி விட 4,800 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் ஒண்ணு.
ரேஸுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் கல்டிவேட்டர் விட்டு நாலு அங்குலம் கிளறணும். மேல வர்ற கல்லையெல்லாம் பொறுக்கி எடுக்கணும். இதுல சோம்பல் ஆகாது. பின் டயர்லேர்ந்து கிளம்புற கல்லு கவண்கல்லு வேகத்துல வரும். சாயங்காலம் அஞ்சு டேங்கர், ஒரே மூச்சுல ஊத்தாம நேரம் விட்டு விட்டு. ராத்திரி பூரா ஊறட்டும். விடியக்காலை மண்ணைக் கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரல்ல ஒட்டக்கூடாது. அந்தப் பதத்துல ரோலர் விட்டா தளம் கெட்டியாகும்.
ராத்திரி ஊறாத தரையில காலையில மட்டும் கொட்டுனா மேல சேறு, கீழ காஞ்ச கட்டி. முதல் ரேஸ்ல எல்லாரும் வழுக்கி விழுவாங்க, மூணாவது ரேஸ்ல சேறு காஞ்சு மறுபடியும் தூசி.
ரேஸ் நடக்கும்போது மூணு ரேஸுக்கு ஒரு தடவை அரை மில்லிமீட்டர். அதுக்கு மேல வேண்டாம்.

மைக் மாமா, இரவு 8:41
தெளிக்கிறதுக்குள்ள ஜனம் கொட்டாவி விடுமே?

டிராக்டர் சித்தப்பா, இரவு 8:49
வால்வைத் திறந்து விட்டா பள்ளம் பறிக்கும், நேரமும் போகும். டேங்கர் பின்னால 9 அடி நீளத்துல ரெண்டு இன்ச் ஜி.ஐ. பைப் குறுக்கே மாட்டி, 5 செ.மீ.க்கு ஒரு ஓட்டை, 6 மி.மீ. டிரில் பிட்டு. மொத்தம் 54 ஓட்டை வரும். மூணு பட்டை ஓட்டுனா டிராக் அகலம் பூரா நனையும். ரெண்டு டேங்கர் பங்கு போட்டு 12 கி.மீ. வேகத்துல போனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஓட்டையை 4 மி.மீ. போட்டுடாதீங்க, பாதித் தண்ணிகூட விழாது. டேங்கர் வாயில வலை கட்டுங்க, இல்லன்னா பாசி வந்து அடைச்சிக்கும்.

சமையல் அத்தை, இரவு 8:52
உப்பு தெளிச்சா தூசி அடங்கும்னு சொல்றாங்களே?

டிராக்டர் சித்தப்பா, இரவு 8:57
அடங்கும் தாயி. ஆனா அது விளையுற பூமி. உப்பு இறங்குனா அடுத்த போகம் முளைக்காது, நிலத்துக்காரர் மறுபடியும் இடம் தரமாட்டார். ரெண்டு வளைவுலயும் தென்னை நார்க்கழிவு கலப்போம், ஈரத்தைப் பிடிச்சு வெக்கும். வளைவு 40 மீட்டர்னு வெச்சா ரெண்டு செ.மீ. பரப்ப ஒரு வளைவுக்கு ரெண்டேகால் யூனிட் ஆகும், யூனிட்னா 100 கன அடி. கல்டிவேட்டர் விடுறதுக்கு முன்னாடி பரப்பி மண்ணோட கலந்துடணும். மேலாக்கா விட்டா காஞ்சதும் அதுவே பறக்கும்.

வெள்ளி

டீச்சர் அக்கா, காலை 6:30
பெண்கள் கழிப்பறை பத்தி ஒருத்தரும் பேசலை. இது இல்லாம குடும்பம் வராது. வந்தாலும் தண்ணி குடிக்காம உக்கார்ந்து பாதியிலேயே தலைவலியோட போவாங்க. பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு நாலு, தனித்தனிப் பக்கம். உணவுக் கடையைத் தாண்டி, காத்து போற பக்கமா இருக்கணும். ஒவ்வொரு மணி நேரமும் சுத்தம் பண்ண சம்பளத்துக்கு ஆள். உள்ள தாழ்ப்பாள், வாளி, வெளிச்சம் இருக்கான்னு நானே பார்த்துக்கறேன்.

சமையல் அத்தை, காலை 6:48
குடிதண்ணி ஸ்டீல் டிரம் நாலு வெப்போம், எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் கப், கவர் வேண்டாம், 2019-லேயே தடை பண்ணியாச்சு. காத்துல டிராக்குக்குள்ள பறந்து போனா ரைடருக்கும் ஆபத்து. சாப்பாடு வாழை இலை, பாக்குமட்டை. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சுண்டல். குழம்பு வேண்டாம், கையில பிடிச்சிக்கிட்டு நின்னு சாப்பிட முடியாது.

மைக் மாமா, காலை 7:10
இப்ப என் பங்கு. புதுசா வர்றவங்களுக்குச் சத்தம் பிடிக்கும், வேகம் பிடிக்கும். ஆனா யார் முன்னாடி போறாங்கன்னு புரியலைன்னா கால் மணியில சலிச்சிடும். ஜல்லிக்கட்டுல வாடிவாசல்லேருந்து காளை வரும்போதே எந்த ஊர்க் காளை, யார் வளர்த்ததுன்னு மைக்ல சொல்லிடுவாங்க. அது தெரிஞ்சதாலதான் ஜனம் கத்துது. இங்கயும் ரைடர் கோட்டுக்கு வரும்போது எண், பேர், ஊர், வண்டி நாலையும் சொல்லணும். "17, இன்னார், தாண்டிக்குடி, ஆர்.எக்ஸ். 100" அவ்வளவு போதும். ஓடும்போது ஓயாம கத்தக் கூடாது. வண்டிங்க தூரத்து நேர்ப்பாதையில இருக்கும்போது ரெண்டு வரி, பக்கத்துல வந்ததும் வாயை மூடிக்கணும், அப்ப இன்ஜின்தான் பேசணும்.

மைக் மாமா, காலை 7:14
ஸ்பீக்கரை ஜனத்துக்குப் பின்னால, கிழக்கே பார்த்து வைங்க, காத்தோட போகும். ரெண்டு பெரிய பெட்டிக்குப் பதிலா 30 மீட்டருக்கு ஒரு சின்ன ஹாரன். பெரிய பெட்டி பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் காது வலிக்கும், கடைசியில இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது.

ஒர்க்‌ஷாப் தம்பி, காலை 7:22
மாமா, எண் தெரியணுமே. முன் போர்டுல 14 செ.மீ. உயரம், கோடு இரண்டரை செ.மீ. தடிமன். முதுகுல 20 செ.மீ. புதுமுகம் வெள்ளை, உள்ளூர் கிளாஸ் மஞ்சள், எக்ஸ்பர்ட் சிவப்புன்னு பின்னணி நிறம். ஸ்டிக்கர் கேட்ல நானே ஒட்டுவேன். வீட்டுல ஒட்டிட்டு வர்றது ஸ்டைல் எழுத்து, ஒண்ணுமே படிக்க முடியாது.
இன்னொண்ணு, சைலன்சர் கழட்டின ஆர்.எக்ஸ். ஒண்ணையும் ஸ்க்ரூட்டினியில, அதான் ரேஸுக்கு முந்தின வண்டிச் சோதனையில, விடமாட்டேன். யாரா இருந்தாலும் சரி. பக்கத்துக் கோழிப்பண்ணையில கோழி மிரண்டா ஒரே மூலையில குவிஞ்சு மூச்சு முட்டிச் செத்துடும். ஒரு தடவை அப்படி ஆனா ஊரே நம்மளை விரட்டும்.

கொடி அண்ணன், காலை 7:31
நல்லது தம்பி. சுத்து வட்டாரத்துல இருக்கிற பண்ணைக்காரங்க, மாடு வெச்சிருக்கிறவங்க எல்லார்கிட்டயும் ஒரு வாரம் முன்னாடி நேர்ல சொல்லணும், ரெண்டு டிக்கெட்டும் கொடுக்கணும். இடைவெளி இரட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும், அதனால ஸ்டார்ட் கோட்டைப் பண்ணைக்கு எதிர் மூலையில வெச்சிருக்கேன். வாசல்ல ஃபோம் காதடைப்பான் வைப்போம், குழந்தைங்களுக்கு இலவசம்.

கொடி அண்ணன், காலை 7:40
நேரம்தான் உயிர். ஒரு சுத்து 45 வினாடி, அஞ்சு சுத்துக்கு நாலு நிமிஷம். அடுத்த ரேஸுக்கு ஆறு நிமிஷம். ஆகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு ரேஸ். இது நடக்கணும்னா ஒரு ரேஸ் ஓடும்போதே அடுத்த ரெண்டு ரேஸ் ரைடருங்க ஹெல்மெட் மாட்டி வரிசையில நிக்கணும். மூணு நிமிஷ போர்டு காட்டியும் வராதவனுக்காக நிறுத்த மாட்டோம்.
ஆம்புலன்ஸ் ரெண்டு. ஒண்ணு அடிபட்டவரைக் கூட்டிட்டுப் போனா, இன்னொண்ணு இல்லாம ரேஸ் ஓட்டக் கூடாது. ஒரே ஆம்புலன்ஸ்னா ஒரு மணி நேரம் ஜனம் சும்மா உக்காரணும்.
9 மணி பிராக்டிஸ், 11 முதல் 1 ஹீட்ஸ், 1:45 முதல் 3:45 வரை மீதி ஹீட்டும் பைனலும், 4 மணிக்குக் கோப்பை. 4:30-க்கு மலைக்காரங்க பஸ் ஏறியிருக்கணும், இருட்டுறதுக்குள்ள வீடு. பொன்னாடை, பேச்சு எல்லாம் சாப்பாட்டு நேரத்துல முடிச்சிடுங்க. கோப்பை நேரத்துல பேச்சு வெச்சா ஜெயிச்சவனுக்குக் கைதட்ட ஆள் இருக்காது.

டீச்சர் அக்கா, காலை 7:52
சாப்பாட்டு நேரத்துல அரை மணி பேடக், அதான் ரேஸ் வண்டிங்க நிக்கிற இடம், திறந்து விடுங்க. இன்ஜின் ஆஃப், சாவி மெக்கானிக் கையில, சைலன்சர் ஆறின வண்டி மட்டும் முன் வரிசை. குழந்தைங்க உக்கார்ந்து படம் எடுத்துக்கட்டும்.
என் யோசனை ஒண்ணு. வாசல்ல ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ரைடர் அட்டை. முன்பக்கம் படம், எண், ஊர். பின்பக்கம் அடுத்த ரேஸ் தேதி, பாதி விலை டோக்கன். யார் அட்டை வரும்னு தெரியாம குலுக்கிக் கொடுப்போம். அந்தக் குழந்தைக்கு நாள் பூரா ஒரு ஆள் கிடைச்சுடும். அந்த ரைடர் பேடக்ல தன் அட்டையில கையெழுத்துப் போட்டுத் தரணும், இதை நுழைவு விதியிலேயே எழுதிடுங்க. எல்லாருக்கும் இலவச டிக்கெட் வேண்டாம். 12 வயசுக்குக் கீழ இலவசம், பெரியவங்களுக்கு 50 ரூபாய்.

ஒர்க்‌ஷாப் தம்பி, காலை 7:57
அக்கா, அந்த ரைடர் முதல் ஹீட்லயே விழுந்துட்டா குழந்தை அழும்.

கொடி அண்ணன், காலை 8:05
அதுக்குத்தான் மறுவாய்ப்பு ரேஸ். ஒரு ஹீட்ல தோத்தா அங்க ஓடலாம், அதுல முதல் ரெண்டு பேர் பைனலுக்கு. ஒவ்வொரு ரைடரும் ரெண்டு தடவையாவது கோட்டுல நிக்கணும். பாயிண்ட் உலக மோட்டோகிராஸ் முறையில 25, 22, 20, 18, 16. நாலு ரேஸ் சேர்த்து ஒரு தொடர், எண் வருஷம் பூரா மாறக்கூடாது. பண்ணைக்காட்டுப் பையன் தாண்டிக்குடிப் பையனுக்கு மூணு பாயிண்ட் பின்னால இருக்கான்னா, ரெண்டு ஊரும் அடுத்த ரேஸுக்குத் தானா வரும். ரிசல்ட்டும் மொத்தப் பாயிண்டும் அன்னிக்கு ராத்திரி 8 மணிக்குள்ள எல்லா ஊர்க் குழுவுக்கும் போகணும். மறுநாள் போனா யாரும் படிக்க மாட்டாங்க.

டிராக்டர் சித்தப்பா, காலை 8:12
தடுப்பு? டிராக் ஓரம் வைக்கோல் கட்டு, போல்ட் போட்ட டயர் அடுக்கு. அதுக்கு வெளிய பத்து மீட்டர் வெத்திடம் விட்டுச் சவுக்குக் கம்பு வேலி. வளைவோட வெளிப்பக்கமும் ஜம்ப் இறங்குற இடமும் ஆளே கூடாது, போட்டோக்காரர் உட்பட.

கொடி அண்ணன், காலை 8:15
ஆமா சித்தப்பா. ஒருத்தர் வேலி தாண்டி வந்தாலும் சிவப்புக் கொடிதான், ரேஸ் நிக்கும். மைக் மாமா அதைக் காலையிலேயே சொல்லிடணும், மஞ்சள், நீலம், கறுப்புக் கொடி எதுக்குன்னும் சேர்த்து. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களோட கூட்டமைப்பு) பர்மிட், இன்சூரன்ஸ், போலீஸ் அனுமதி, தீயணைப்பு, இந்த நாலு தாளும் கையில வராம போஸ்டர் அடிக்கக் கூடாது.

மைக் மாமா, காலை 8:19
முடிஞ்சதும் பைக் பார்க்கிங்கை மொத்தமா திறக்காதீங்க. முதல்ல பஸ், அப்புறம் கார், கடைசியா பைக், அம்பது அம்பதா. ஒரே நேரத்துல விட்டா ரோட்டுலயே ரேஸ் ஆரம்பிச்சிடுவாங்க.

டிராக்டர் சித்தப்பா, காலை 8:24
அந்த 6 மி.மீ. பிட்டு யாருகிட்ட இருக்கு? வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள பைப்பை ஓட்டை போட்டுத் தண்ணி விட்டுப் பார்த்துடணும்.

ஒர்க்‌ஷாப் தம்பி, காலை 8:25
என்கிட்ட இருக்கு சித்தப்பா. பைப் மட்டும் சாயங்காலம் கடைக்குக் கொண்டாங்க.