முனிசிபல் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் சாக்கடை வாடை: என்.ஆர்.வி. போட்டால் போதுமா?

தெருக்கோடி வீடு (கேள்வி):
எங்கள் தெருவுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் முனிசிபல் தண்ணீர். கொஞ்ச நாளாகத் திறந்தவுடன் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வருகிறது. அப்புறம் தெளிந்துவிடுகிறது. தெருவில் பாதிப் பேர் லைனிலேயே மோட்டார் மாட்டி இழுக்கிறார்கள். நாங்கள் சம்ப்பில் விழவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றுகிறோம். ராத்திரியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கக்கூடாது என்று அப்பா அந்தக் குழாயைச் சம்ப்பின் அடிவரை இறக்கச் சொல்லிவிட்டார். போன வருடம் போர் போட்டபோது பிளம்பர் போர் லைனையும் முனிசிபல் லைனோடு இணைத்து, நடுவில் கையால் திறந்து மூடும் ஒரு கேட் வால்வு வைத்தார். இப்போது அவரே "ஒரு என்.ஆர்.வி. போட்டுக்கலாம் சார், எல்லாம் சரியாயிடும்" என்கிறார். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வாம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. போட்டால் போதுமா?

பழைய ஃபிட்டர்:
தம்பி, என்.ஆர்.வி. உங்கள் வீட்டுத் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் தடுக்கும். அதுவும் மண் துகள் சிக்கி அதன் கதவு சரியாக மூடாமல் போகிறவரைதான். தெருக் குழாய்க்குள் ஏற்கெனவே புகுந்த சாக்கடையை அது தடுக்காது. தண்ணீர் உங்கள் பக்கம் வரும்போது அது திறந்துதானே ஆக வேண்டும்!

நான் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வால்வை மூடியதும் தெருவுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மேட்டுத் தெருக் குழாயில் நிற்கும் தண்ணீர் பள்ளத் தெருக் குழாய்களில் வடிந்துகொண்டே இருக்கும். வடிய வடிய மேலே வெற்றிடம் உண்டாகி உறிஞ்ச ஆரம்பிக்கும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து உள்ளே இழுக்கும். வீட்டு இணைப்புக் குழாய் பல ஊர்களில் சாக்கடைக்கு உள்ளேயே குறுக்கே போகிறது. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் துருப்பிடித்து ஊசித் துளை விழுந்திருக்கும். தண்ணீர் ஓடும்போது அந்தத் துளை வழியாக வெளியே கசியும், நின்றதும் சாக்கடை உள்ளே வரும். வால்வுக் குழியும் அப்படித்தான். மழைக்குப் பிறகு எட்டிப் பாருங்கள், வால்வு கறுப்புத் தண்ணீரில் முங்கிக் கிடக்கும். அதன் கழுத்துப் பேக்கிங் தேய்ந்திருந்தால் அதுவும் ஒரு வாசல். லைனில் மோட்டார் போட்டு இழுப்பவர்கள் தண்ணீர் ஓடுகிற நேரத்திலேயே இந்த உறிஞ்சலை உண்டாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் அது சட்டவிரோதம். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது மட்டும் காரணம் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள், நீங்களும் தெருவுக்கு ஒரு ஓட்டைதான். குழாய் வாய் சம்ப் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது. பெட்ரோல் டேங்கில் டியூப் விட்டு உறிஞ்சுகிற மாதிரி, தெரு லைன் இழுத்தால் உங்கள் சம்ப் தண்ணீர் ரிவர்ஸில் போகும். சம்ப் எப்போது கழுவியது, கரப்பான் விழுந்ததா, எல்லாம் அண்டை வீட்டுக்கும் சேர்த்துத்தான். குழாயை மேலேயே வெட்டிவிடுங்கள். சம்ப் நிரம்பினால் வழிந்தோடும் குழாயின் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். அரை அங்குலக் குழாய் என்றால் குறைந்தது ஒரு அங்குலம். காற்றைத் தாண்டித் தண்ணீர் பின்னால் ஏறாது. இதற்கு ஈடான வால்வை நான் பார்த்ததில்லை.

போர் இணைப்பு இன்னும் மோசம். சம்ப் நிரம்பி மிதவை வால்வு மூடியபின் போருக்குள் இருக்கும் சப்மர்சிபிள் மோட்டார் ஓடினால் அந்த அழுத்தம் எங்கே போகும்? தெருக் கடைக்கோடியில் முனிசிபல் லைனுக்கு ஒரு மாடி ஏறுகிற தெம்பு இருந்தாலே பெரிய விஷயம். உங்கள் சப்மர்சிபிள் பூமிக்கு அடியிலிருந்து தள்ளுகிறது. கேட் வால்வு அரை மில்லிமீட்டர் விட்டுக் கொடுத்தாலும் போர்த் தண்ணீர் தெருவுக்குப் போய்விடும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் சொல்லவே வேண்டாம். இணைப்பைக் கழற்றி இரண்டு முனையிலும் மூடி போடுங்கள். போர்க் குழாய் தனியாகச் சம்ப்பின் மேல்வாயில் விழட்டும்.

நீர்ப்பொறி:
ஃபிட்டர் அய்யா சொன்னதற்குப் பெரிய உதாரணம் பின்லாந்தில் நோக்கியா ஊர், 2007 நவம்பர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர்க் குழாயையும், சுத்திகரித்து வெளியேற்றும் கழிவுநீர்க் குழாயையும் இணைத்து நடுவில் ஒரு வால்வு வைத்திருந்தார்கள். பராமரிப்பு வேலையின்போது அதைத் திறந்தவர்கள் மூடவில்லை. சுமார் 4.5 லட்சம் லிட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. சுமார் 30,000 பேர் வாழும் ஊரில் 8,000-க்கும் மேற்பட்டோருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. அவ்வளவு ஒழுங்கான ஊரிலேயே இந்த நிலை என்றால், நம் பிளம்பர் வைத்த கேட் வால்வை எப்படி நம்புவது?

ஒரு சோதனை செய்யலாம். குளோரின் பார்க்கும் கிட் கடையில் கிடைக்கும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறும், பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். குழாய் முனையில் குறைந்தது 0.2 மி.கி./லிட்டர் இருக்க வேண்டும். திறந்தவுடன் வரும் தண்ணீரையும் அரை மணி கழித்து வருவதையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலில் குளோரினே இல்லாமல் அப்புறம் இருந்தால், தவறு நகராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் இல்லை, உங்கள் தெருக் குழாயில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு அளவையும் எழுதிப் புகார் கொடுத்தால் 'தண்ணி நல்லாத்தான் இருக்கு' என்று எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

தெருக்கோடி வீடு:
நன்றி அய்யா, நன்றி மேடம். பிளம்பரிடம் சொன்னேன். "குழாயை வெட்ட வேண்டாம், மேலே ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சாது" என்கிறார். சத்தமும் வராதாம்.

பழைய ஃபிட்டர்:
ஓட்டை அடைபடாதவரை அவர் சொல்வது சரி. சுண்ணாம்பு படியும் தண்ணீரில் அது எத்தனை மாதம் திறந்திருக்கும்? யார் போய்ப் பார்ப்பார்கள்? வெட்டுங்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால், முனையில் ஒரு எல்போ (வளைந்த இணைப்பு) போட்டுச் சுவரை ஒட்டி வழியவிடுங்கள், எல்போவின் வாய் மட்டும் அந்த இடைவெளிக்குக் கீழே இறங்கக்கூடாது.

சம்ப்புக்கு முன்னால் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டுக் குழாய் வையுங்கள். தெளிகிறவரை வருவது சம்ப்பில் விழாமல் வெளியே போகட்டும். குழந்தைக்குக் கொடுப்பது நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

புகாரில் 'தண்ணீர் சரியில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த வால்வுக் குழியில் சாக்கடை நிற்கிறது, எந்த வீட்டு இணைப்பு சாக்கடைக்குள் போகிறது என்று இடம் குறித்துப் போட்டோவோடு கொடுங்கள். இடம் தெரிந்தால் ஃபிட்டர் வந்து தோண்டுவான். தெரியாவிட்டால் தெரு முழுக்க யாரும் தோண்டமாட்டார்கள். மோட்டார் போடுகிறவர்களைப் பற்றி எழுதுவதா என்பது உங்கள் இஷ்டம். தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள், எனக்குப் புரிகிறது.