ஏழு வாரக் கர்ப்பம், மாத்திரையை நிறுத்திவிட்டேன்

கேட்பவர்: பாளையங்கோட்டைக்காரி
இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 50 மில்லிகிராம் சாப்பிட்டு நன்றாக இருந்தேன். இரண்டு கோடு விழுந்த அன்றே அத்தை, "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்த மாத்திரை எதற்கும்மா?" என்றார். பயந்து நிறுத்திவிட்டேன். ஒன்பது நாளாகிறது. சட்டென்று திரும்பினால் தலைக்குள் கரண்ட் அடித்தது போல வெட்டுகிறது. நேற்று சோறு வடித்துவிட்டு, கஞ்சியில் ஆடை படியும்வரை அங்கேயே நின்று அழுதேன். சாப்பிட்டால் குழந்தைக்கு ஆபத்தா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேனி அக்கா:
தங்கச்சி, மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நானும் இப்படித்தான் நிறுத்தினேன். ஐந்தாம் மாதம் குளிக்கக்கூட எழ முடியவில்லை, எடையும் குறைந்தது. இரண்டாவதுக்கு டாக்டர் சொன்னபடி கடைசிவரை செர்ட்ராலின் சாப்பிட்டேன். 2006இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை அவர்தான் சொன்னார்: முன்பு மனச்சோர்வு வந்து தேறியிருந்த கர்ப்பிணிகளில், மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்ததாம், தொடர்ந்தவர்களில் 26. பிறந்ததும் மகனுக்குக் கை கால் நடுங்கியது, தூக்கிவைத்தாலும் அழுகை. சில குழந்தைகளுக்கு இப்படி வரும், தானாக அடங்கும் என்றார்கள். நான்காம் நாள் அடங்கிவிட்டது. இப்போது எல்கேஜி போகிறான்.

மருந்துக்கடைக்காரர்:
எல்லா மாத்திரையும் ஒன்றல்ல, அம்மா. இதே வகையைச் சேர்ந்த பராக்ஸிடின் என்ற மாத்திரை பற்றி, பிறக்கும் குழந்தைக்கு இதயக் குறை வரலாம் என்று 2005இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை கொடுத்தது. செர்ட்ராலினைத்தான் கர்ப்பத்தில் பல டாக்டர்கள் முதலில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன்: பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடும் ஒரு கோளாறு ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வருவது, கடைசி மாதங்களில் இவ்வகை மாத்திரை சாப்பிட்டால் மூன்று பேர் அளவுக்குப் போகலாம். ஒன்பது நாள் விட்டதை மறைக்காமல் மனநல டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த அளவில் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். அந்தச் சீட்டை மகப்பேறு டாக்டரிடமும் காட்டுங்கள். ராத்திரி மனம் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

பாளையங்கோட்டைக்காரி:
மனநல டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன், நாளைக் காலை வரச் சொன்னார்கள். அத்தையிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், அவரும் கூட வருகிறார். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

தேனி அக்கா:
செர்ட்ராலின் பாலில் மிகக் கொஞ்சமே போகும் என்று என் டாக்டர் சொன்னார். நான் ஒன்றரை வருடம் கொடுத்தேன். அத்தையை நாளை டாக்டரிடமே கேட்கச் சொல்.